சென்னையிலிருந்து தாமிரபரணிக் கரைக்கு: ஒரு குடும்பம் சிற்றூருக்குக் குடிபெயர்ந்த கதை, 2022–2024

பின்னணி

2022 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சிக்குக் குடிவந்தது. மொத்தம் ஐந்து பேர். கணவருக்கு 43 வயது, மென்பொருள் நிறுவன வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். மனைவிக்கு 39, தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. மகன் எட்டாம் வகுப்பும் மகள் ஐந்தாம் வகுப்பும் முடித்திருந்தார்கள். கணவரின் தாயாருக்கு 69 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்.

நான் இந்த ஊர்க்காரன். வீடு தேடவும் பள்ளி விசாரிக்கவும் பத்திரம் பார்க்கவும் கூட அலைந்ததால் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

கிளம்பியதற்குக் காரணம் சுலபமானது. சென்னையில் வாடகை 21,000 ரூபாய், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. தாயார் வாரக்கணக்கில் கீழே இறங்குவதே இல்லை. கணவருக்குச் சின்ன வயதில் கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்து ஆற்றில் குளித்த பழக்கம் இருந்தது. சென்னைச் சம்பளம், ஊர்ச் செலவு என்ற கணக்கு காகிதத்தில் நன்றாகவே வந்தது. ஆனால் அது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. லாபம் யாருக்குச் சேர்கிறது, தூரம் யார் தலையில் ஏறுகிறது என்று அதில் தெரியவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்கின.

வருவதற்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, நிலம் வாங்குவதில்லை. இது எளிதாக எடுத்த முடிவு இல்லை. சேமிப்பில் பணம் இருந்தது. ஊருக்கு வெளியே நஞ்சை நிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். விலை மலிவு, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். கணவர் முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

நாங்கள் வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் என்று நிலத்தின் ஆவணங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகள் 2016 அக்டோபர் 20ஐ எல்லை நாளாக வைத்தவை. இந்த மனைகள் அதற்கு வெகுநாள் கழித்துப் போட்டவை. "எல்லாம் பதிவு ஆயிரும் அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று தரகர் சொன்னதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

ஒழுங்கான மனையாகவே இருந்தாலும், முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம் என்று அப்போது அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் 11 சதவீதம் கட்ட வேண்டும். ஊர் ஒத்துவராமல் இரண்டு வருடத்தில் விற்றால் அந்தப் பணம் போனதுதான். அதனால் மாதம் 6,500 ரூபாய்க்கு ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். இவர்கள் எடுத்த முடிவுகளில் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது, பள்ளி. மகள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஊரில் பெயர்பெற்ற பள்ளி அரசு உதவி பெறுவது, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மனைவி மட்டும் அரசுப் பெண்கள் பள்ளியில் உறுதியாக நின்றார். 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உதவி பெறும் பள்ளி அதில் சேராது. மறுவருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வழி முழுதாகத் திறந்திருந்தது. எட்டாம் வகுப்பு முடித்த மகனுக்கு அது ஏற்கெனவே மூடியிருந்தது.

மகனை உள்ளூர் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். சென்னையில் சிபிஎஸ்இயில் படித்தவன், இந்தியை மொழிப்பாடமாக எடுத்தவன். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் கட்டாயம். வீட்டில் தமிழ் பேசுகிறவன்தானே, சமாளித்துவிடுவான் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது முடிவை யாரும் உட்கார்ந்து பேசியே எடுக்கவில்லை. மனைவி வேலையை விட்டார். அவர் வேலையை விடுவார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவரும் எடுத்துக்கொண்டார்.

முதல் ஆண்டு

தாயாரிடம் வந்த மாற்றம் எங்களையே வியக்க வைத்தது. வயதானவருக்குத்தான் ஊர் சிரமமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். தரைத்தள வீடு, திண்ணை, நாலு எட்டில் கோயில். மூன்று மாதத்தில் தெருவே அவரை ஆச்சி என்று கூப்பிட்டது. காலையில் படித்துறை வரை நடந்து போய் வருவார். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் பணியாளர் மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். சென்னையில் இதற்காக ஆட்டோ பிடித்து, கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர். இதய மாத்திரைகளில் ஒன்று மட்டும் உள்ளூர் மருந்துக் கடையில் கிடைக்காது. சொல்லிவைத்தால் திருநெல்வேலியிலிருந்து இரண்டு நாளில் வரும்.

கணவருக்கும் நன்றாகவே போனது. உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு பெரும்பாலான நாட்களில் சீராக இருந்தது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் வாங்கியதில் அது தீர்ந்தது. வீட்டுவாடகைப் படியில் கிடைத்த வரிச்சலுகை வெகுவாகக் குறைந்ததை மட்டும் அவர் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கொடுக்கும் வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்துத்தான் விலக்குத் தருவார்கள். வாடகை 6,500 என்றால் கழித்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்படியும் மாதம் கணிசமாக மிச்சமானது.

மகளுக்குக் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கு நடந்தே போவாள். கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் அவள் சாயங்காலங்கள் அங்கேதான்.

மனைவியின் முதல் ஆண்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். உள்ளூர் தனியார் பள்ளியில் கேட்டபோது சென்னையில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம் சொன்னார்கள். மறுத்துவிட்டு வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் தொடங்கினார். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் இந்த ஊரில் டியூஷனுக்குக் கொடுக்கக்கூடிய பணம் அவ்வளவுதான். அதைவிட அவரை அழுத்தியது வேறு. கடைக்குப் போனால் ஏன் தனியாக வந்தீர்கள், சேலைக்குப் பதில் சுடிதாரா, டீச்சர் நேத்து அம்பைக்கு (அம்பாசமுத்திரத்துக்கு) எதுக்குப் போனீக என்ற கேள்விகள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதே பெண்கள்தான் காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் பதினைந்து வருடம் சொந்தச் சம்பளத்தோடு, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தவருக்கு இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொள்வது கஷ்டமாக இருந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்பாசமுத்திரம் போய்வருவது அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம். கணவருக்கு இது எதுவும் தெரியாது. பகல் முழுவதும் அறைக்குள் ஹெட்ஃபோனோடு இருந்தவர் அவர்.

ஒரு நவம்பர் இரவு

2022 நவம்பரில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தாயாருக்கு நெஞ்சு அடைப்பது போல இருந்தது. 108க்கு அழைத்தார்கள். வண்டி வந்து அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இசிஜி எடுத்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். சுமார் 35 கிலோமீட்டர். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. நல்லவேளை, மாரடைப்பு இல்லை. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

எங்கேயும் யாரும் தாமதப்படுத்தவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அப்படியும் இரண்டரை மணி நேரம். அது உண்மையான மாரடைப்பாக இருந்திருந்தால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

சென்னைக்கே திரும்பிவிடலாமா என்று அந்த வாரம் பேசினார்கள். தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. "மூணாவது மாடியில உக்காந்து ரெண்டு வருசம் கூட இருக்கிறதுக்கு இங்க நடமாடிட்டு இருந்துக்கிடுதேன்" என்றார். அதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக நான் நினைக்கவில்லை. தன் உடம்பைப் பற்றி ஒருவர் யோசித்துச் சொன்னது, மதிக்க வேண்டியது. அதற்குப் பதிலாக ஏற்பாடுகள் செய்தார்கள். பழைய ஆஞ்சியோ அறிக்கையும் மருந்துச் சீட்டுகளும் ஒரே கோப்பில் அலமாரி மேல்தட்டில். அவசரத்தில் கொடுக்க மருத்துவர் எழுதித்தந்த மாத்திரை அதோடு. ராத்திரியில் வரக்கூடிய இரண்டு கார் ஓட்டுநர்களின் எண் சுவரில். திருநெல்வேலியில் ஒரு இதய மருத்துவரிடம் முறையாகப் பதிவு செய்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினார்கள். இவை எல்லாம் வந்து இறங்கிய முதல் வாரமே செய்திருக்கக்கூடியவை.

மகனின் பள்ளி

சிற்றூருக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றையும் தண்ணீரையும் சொல்கிறார்கள். சாதியைச் சொல்வதில்லை. வீடு தேடியபோதே அது வந்தது. மூன்று வீடுகளில் வாடகைக்கு முன்னால் வந்த கேள்வி, "தம்பி, நீங்க எந்த ஆளுக?" இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியால் ஒரு வீடு போனது, இன்னொன்று கிடைத்தது. பட்டியலினக் குடும்பமாக இருந்திருந்தால் எந்தத் தெருவில் தேடலாம் என்பதே வேறாக இருந்திருக்கும். சென்னையில் இது இல்லை என்று சொல்லமாட்டேன். இங்கே ஒளிவுமறைவு இல்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் மாதமே மகனிடம் பையன்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து யார் எந்தக் கூட்டம் என்று அடையாளம் வைத்திருந்தார்கள். பேருந்தில் உட்காரும் இடமும் அப்படியே. இவனையும் கயிறு கட்டச் சொன்னார்கள். மறுத்தான். அடி விழவில்லை, ஆனால் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள். அரையாண்டுக்குள் அவன் மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டான். வீட்டில் எதையும் சொல்லவில்லை. தமிழ்த் தாளில் மதிப்பெண் குறைந்ததால்தான் சோர்ந்திருக்கிறான் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

2023 ஆகஸ்ட் 9 அன்று எங்கள் மாவட்டத்திலேயே நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவரை உடன் படித்த பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவுதான் மகன் தன் பள்ளியில் நடப்பதை எல்லாம் சொன்னான். அப்போது அவன் பத்தாம் வகுப்பு.

மறுநாளே மனைவி பள்ளிக்குப் போய்ப் பேசினார். பள்ளி நிர்வாகம் காது கொடுத்துக் கேட்டது. கயிறுகளை அவிழ்க்கச் சொன்னார்கள், வகுப்பில் இருக்கை மாற்றினார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நியமித்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் கயிறு அவிழ்வதற்குள் இந்தப் பையனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போயிருந்தது.

உடனே பள்ளி மாற்றலாமா என்று யோசித்தார்கள். பொதுத்தேர்வு வருடம், நடுவில் மாற்றினால் படிப்பு கெடும். அவனையே கேட்டார்கள். முடித்துவிடுகிறேன் என்றான். தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு அழைத்துவரும் வேலையும், இரவில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையும் மனைவிக்குச் சேர்ந்தன.

அலுவலகம் திரும்ப அழைத்தபோது

2023 நடுவில் கணவரின் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வரச் சொன்னது. வீட்டிலிருந்து வேலை என்பதற்கு எழுத்தில் எந்த உறுதியும் இவர் வாங்கியிருக்கவில்லை. பேசிப் பேசி, மாதத்தில் இரண்டு வாரம் சென்னையில் தொடர்ந்து இருப்பது என்று முடிவானது. நண்பரோடு பகிர்ந்த அறைக்கு மாதம் 6,000 ரூபாய். அப்போது ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன் திறக்கும், வாரக்கடைசி இரவு ரயில்களில் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். செப்டம்பர் 24ஆம் தேதி திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ஓடத் தொடங்கியதும் எட்டு மணி நேரத்துக்குள் போய்விட முடிந்தது. கட்டணம் அதிகம், ஆனால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியது. முதல் ஆண்டில் மிச்சமான பணம் இந்தப் போக்குவரத்தில் கரையத் தொடங்கியது.

அந்த டிசம்பர் இரண்டு ஊரையும் சோதித்தது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் கணவர் சென்னை அறையில் கரண்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது. இவர்கள் தெரு மேட்டில் இருந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. செல்பேசி வேலை செய்யவில்லை, திருநெல்வேலிச் சாலை துண்டித்துப் போனது. சென்னையிலிருந்த கணவருக்கு ஒன்றரை நாள் எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. ஊரில் ஆற்றோரத் தெருக்காரர்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து சோறு பொங்கினோம். மனைவி அந்த இரண்டு நாளும் அங்கேதான் இருந்தார். நவம்பர் இரவில் வந்த அதே நோய் இந்த இரண்டு நாளில் ஆச்சிக்கு வந்திருந்தால் எந்த வண்டியும் போயிருக்க முடியாது என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

2024 மே: எடுத்த முடிவு

மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான். தமிழில் மட்டும் குறைவு. பதினொன்றாம் வகுப்புக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்தபோது முதல்முறையாக மனைவி தன் கணக்கைச் சொன்னார். இரண்டு வருடச் சம்பளம், பணி அனுபவத்தில் விழுந்த இடைவெளி, ஸ்கூட்டர், மருத்துவமனை, டியூஷன். "எல்லாரும் ஊருக்கு வந்தீங்க, நான் வேலைக்கு வந்தேன்" என்றார். கணவர் பதில் பேசவில்லை. நானும் அங்கே இருந்தேன்.

மூன்று வழிகள் இருந்தன. எல்லோரும் சென்னைக்குத் திரும்புவது. எல்லோரும் இங்கேயே இருந்து மகனை மட்டும் விடுதியில் சேர்ப்பது. அல்லது திருநெல்வேலி மாநகரின் ஒரு பகுதியான பாளையங்கோட்டைக்குப் போவது. தனியாக ஒதுங்கிப்போன பையனை மறுபடி தனியாக விடுதிக்கு அனுப்ப மனைவி சம்மதிக்கவில்லை. சென்னைக்குத் திரும்பினால் மகளின் அரசுப் பள்ளிப் படிப்பையும் ஆச்சியின் நடமாட்டத்தையும் ஒருசேர இழக்க வேண்டும். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குக் குறைவில்லை, ஹைகிரவுண்ட் பக்கத்திலேயே இருக்கிறது, மனைவிக்கும் வேலை கிடைக்கும். மகளின் 7.5 சதவீதத் தகுதி போய்விடுமே என்று பயந்தார்கள். விசாரித்ததில் மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும் என்று தெரிந்தது.

2024 ஜூனில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாளையங்கோட்டையில் 9,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஆச்சி வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவே சம்பளத்துக்கு வந்து இரவில் துணை படுக்கிறார். வெள்ளி சாயங்காலம் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுகிறார்கள்.

மூன்று இடத்து வாடகையையும் கூட்டினால் 21,500 ரூபாய். சென்னையில் கொடுத்ததைவிட 500 அதிகம். மனைவிக்குக் கிடைத்த பள்ளியில் சென்னைச் சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. மகன் அங்கே கால்பந்து ஆடுகிறான். ஆச்சியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மகனை ஒன்பதாம் வகுப்பில் மாற்றியிருக்கக் கூடாது. ஆறாம் வகுப்பிலோ, பத்து முடித்த பிறகோ மாற்றியிருக்க வேண்டும். மகளுக்குச் சரியாக அமைந்த வருடம் மகனுக்கு மோசமான வருடமாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும், அதனால் எந்தப் பிள்ளையின் வருடத்தைப் பார்த்துக் கிளம்புகிறோம் என்று பேசித் தீர்மானிக்க வேண்டும். பள்ளி விசாரிக்கும்போது தேர்ச்சி விகிதம் கேட்டோம். அங்கே படித்து முடித்த பையன்களின் பெற்றோரிடம் பள்ளிக்குள் பிள்ளைகள் எப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தால் கயிறு விஷயம் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

கணவர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான சம்மதத்தை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதே ஒரு பதில். அப்புறம், நிலம் வாங்காமல் இருந்ததை மட்டும் அப்படியே திரும்பச் செய்யலாம். வாங்கியிருந்தால் பாளையங்கோட்டை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவே கையில் காசு இருந்திருக்காது.

மனைவியின் வேலை முதலில் உறுதியாகியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அவர்கள் முதலிலேயே பாளையங்கோட்டையில் இறங்கியிருப்பார்கள், ஆச்சிக்கு மட்டும் ஊரில் வீடு பார்த்திருப்பார்கள் என்று கணவரே இப்போது சொல்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பது 2026இல். அதற்குப் பிறகு எங்கே என்பதை மனைவியின் வேலையை வைத்து முடிவு செய்வதாகப் பேசியிருக்கிறார்கள்.